லோகுவுக்குக் கேட்ட பூ

ஓடி வந்தாள், கை சுழன்றது, பந்து மட்டும் போகவில்லை. பீளமேட்டில் ஒரு கல்லூரி மைதானத்தின் வலைக்குப் பின்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்த நான், லோகு சும்மா விளையாட்டுக் காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். திரும்பிப் போய் மறுபடியும் ஓடி வந்தாள். இந்த முறை பந்து போனது, ஆனால் வலையின் கூரையில் இடித்து அவள் காலடிக்கே வந்து விழுந்தது. எதிரே மட்டையோடு நின்ற கல்லூரிப் பெண் சட்டென்று குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டாள். இந்தியாவுக்காகப் பந்து வீசுகிறவளை ஆடிப் பார்க்கப் போகிறோம் என்று ஆசையாக எழுந்து வந்த பெண் அது. பாவம், அவளுக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நான் லோகப்பிரியாவின் அண்ணன் அருண்குமாரைக் கட்டிக்கொண்டவள். பெயர் பூஜிதா. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்பார்கள், லோகுவும் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் பிறந்து வளர்ந்தது பீளமேடு, வேலையும் அங்கேயே ஒரு ஐ.டி. கம்பெனியில். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். கம்பெனியில் அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், மாமியார் வீட்டில் அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர். அதை நம்பித்தான் லோகு என்னைக் கூப்பிட்டிருந்தாள். டாக்டர்கள் தோளில் ஒன்றுமே இல்லை என்றுவிட்டார்கள். ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. செய்திகளில் மட்டும் தோள்பட்டைக் காயம், ஓய்வு என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்க தப்புன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க நங்கை" என்றாள்.

மைதானத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து வீடியோவை மெதுவாக ஓட விட்டுப் பார்த்தோம். ஓட்டத்தில் பிசகில்லை. முன்கால் உறுதியாக ஊன்றுகிறது. பந்து வீசும் இடது கை காதை உரசிக்கொண்டு மேலே வருகிறது. உச்சிக்கு வந்து பந்தை விட வேண்டிய இடத்தில் மணிக்கட்டு நின்றுவிடுகிறது. தானாக நின்றதாகத் தெரியவில்லை, பிடித்து நிறுத்தியது மாதிரி இருந்தது. விரல்கள் பந்தைவிட்டு விலகப் பார்க்கின்றன, முடியவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். டீ ஆறிப்போனது தெரியாமல் குடித்து முடித்தேன்.

"மணிக்கட்டு நிக்குது லோகு."

"நிக்கலீங்க. புடிக்கறாங்க." அவள் என்னைப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பப்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா கைங்க நங்கை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல ரோட்டத் தாண்டறப்ப என்னய இப்பிடித்தான் புடிப்பாரு. கையப் புடிக்க மாட்டாரு, மணிக்கட்டத்தான். பெருவெரலு உள்பக்கம் அழுத்தும். அதே எடந்தானுங்க."

சிரித்து மழுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அவள் அப்பா, என் மாமனார் திருமூர்த்தி, போன தை மாதம் இறந்துபோயிருந்தார்.

மாமாவுக்குக் கிரிக்கெட் ஒரு மண்ணும் தெரியாது. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு, கொப்பரை காயப்போடும் களம், அவ்வளவுதான் அவர் உலகம். அந்தக் களத்தில்தான் அருணும் அவர் கூட்டாளிகளும் ஆடுவார்கள். பந்து பொறுக்கிப் போட நின்ற தங்கச்சி ஒருநாள் பொறுக்கிய பந்தோடு ஓடி வந்து வீசினாள், அருணுக்குப் பின்னால் ஸ்டம்பாக நட்டிருந்த மண்வெட்டிப் பிடி சாய்ந்தது. தான் அவுட் ஆனதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் ஆண்பிள்ளை உலகத்திலேயே என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். பள்ளி அணி, மாவட்ட அணி என்று வந்தவரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மாநில முகாமுக்குச் சென்னைக்குக் கூப்பிட்டபோதுதான் பங்காளிகள் கூடிவிட்டார்கள். சமைந்த பெண்ணுக்குக் கால்சட்டையை மாட்டிவிட்டு ஊர் ஊராக அனுப்புவதா என்று மாமாவின் அண்ணன், லோகுவின் பெரியப்பா, குதித்தார். அவர் கைவசம் ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தான். பேசிப் பேசி, கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். குலதெய்வத்திடம் பூக் கேட்பது.

போர்வெல் போடுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் அந்த வீட்டில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டித் தட்டில் வைத்து அம்மன் முன்னால் குலுக்குவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். கேட்டு முடித்த பிறகு சாமியைச் சோதிக்கக் கூடாதாம். இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு இந்த ஏற்பாடு எத்தனை தலைமுறையாக ஓடுகிறதோ என்று கல்யாணமான புதிதில் நான் கேட்டு, அருண் என் வாயைப் பொத்தினார்.

லோகுவுக்கு வெள்ளை வந்தது. போனாள். மாநில அணியில் ஆடினாள், இந்திய அணித் தொப்பி வாங்கினாள். வந்த முதல் தொடரிலேயே வெளியே போவதுபோல் போக்குக் காட்டி உள்ளே வளையும் அவளுடைய பந்துக்கு நல்ல நல்ல ஆட்டக்காரிகள் எல்லாம் திரும்பி ஸ்டம்பைப் பார்த்தார்கள். ஒரு டி.வி. சேனல்காரர்கள் கோயில்வரை வந்து படமெடுத்து அவளுக்கு வெள்ளைப்பூ லோகப்பிரியா என்று பட்டம் கட்டினார்கள். அவளும் மைக்கை நீட்டிய எல்லோரிடமும் அதையேதான் சொன்னாள். எல்லாம் அம்மன் குடுத்ததுங்க, எனக்குன்னு ஒண்ணுமில்லீங்க.

போன தையில் அவள் வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்த அன்று, தோப்புக்கு மோட்டார் போடப் போன மாமா திரும்பி வரவில்லை. ஆட்டம் முடியட்டும் என்று நாங்கள்தான் அவளுக்குச் சொல்லாமல் இருந்தோம். அன்றைக்குப் பார்த்து அவள் அதுவரை வீசாத வீச்சு வீசினாள். கூடத்தில் ஐஸ் பெட்டி, அதைச் சுற்றி அழுகை. பக்கத்து அறையில் சொந்தக்காரப் பையன்கள் சத்தத்தை அணைத்துவிட்டுப் போனில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போன நானும் நின்று பார்த்தேன். திரையில் லோகு வாயைத் திறந்து கத்திக்கொண்டு, கைகளை விரித்து, யாருமே இல்லாத பக்கமாக ஓடினாள். அந்தக் காட்சியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கருமாதிச் சாப்பாட்டின்போது பெரியப்பா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்.

"உங்கொப்பன் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையக் கட்டித்தான் அம்மணி உன்னய அனுப்புனான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டே போய்ச் சேந்துட்டான். சாமிய ஏமாத்திப்போட்டு எத்தன நாளைக்கு ஆட முடியுங்கற?"

அதற்கடுத்த ஆட்டத்திலிருந்துதான் மணிக்கட்டு நிற்க ஆரம்பித்தது.

"வாங்குன விக்கெட்டெல்லாம் எனக்குக் குடுத்ததே இல்லியோன்னு இருக்குதுங்க நங்கை" என்றாள் பேக்கரியில். "அப்பா திருடிக் குடுத்திருக்காரு. இப்ப அவரே வந்து புடுங்கறாரு." அடுத்த வாரம் பெங்களூரில் முகாம். தேர்வாளர்கள் முன்னால் பந்து வீசிக் காட்ட வேண்டும். அங்கேயும் கை நின்றுபோனால் இருபத்திரண்டு வயதிலேயே பெயருக்கு முன்னால் முன்னாள் என்று சேர்த்துவிடுவார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "இன்னொருக்காப் பூக் கேக்கோணுங்க. போன்னு வந்தாப் போறேன். வேண்டாம்னு வந்தா இத்தோட உட்டுப்போடறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பன் செத்த துக்கத்தை அழுது தீர்க்காமல் அடக்கி வைத்திருக்கிறாய், அதுதான் கையில் நிற்கிறது, ஒரு நல்ல மனநல டாக்டரைப் பார் என்று சொன்னேன். அணி வைத்திருக்கும் டாக்டரை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்பு வீட்டில் இருந்தோம். பொட்டலத்தை வீட்டுச் சுமங்கலிதான் கட்ட வேண்டும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. மாமியார் மாரியாத்தாள் வேலியோரத்தில் பறித்த இரண்டு அரளியையும் கொண்டுவந்து சமையலறைத் தரையில் என் முன்னால் வைத்தார். போகாமல் நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன். அருணுகிட்டச் சொல்லிப்போடாதே."

"சொல்லுங்கத்தை."

"அன்னிக்குப் பொட்டலங் கட்டுனது நாந்தான். ரெண்டுலயும் செகப்புத்தான் வெச்சேன்."

நான் நாரைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

"என்ற புள்ள என்ற கண்ணு முன்னால இருக்கோணும்னு நெனச்சேன். வேறொண்ணுமில்ல. மெட்ராஸ்ல ஆரு சோறு போடுவா, சீக்குன்னு படுத்தா ஆரு பாப்பா. அதுக்குத்தான் ரெண்டுலயும் செவ்வரளி. என்ற கையால வெச்சேன். கோயல்ல பிரிச்சா வெள்ள கெடக்குது." இலைத்துண்டை எடுத்து முந்தானையில் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். "அன்னீலிருந்து எனக்கு அவளப் பாத்தாப் பயமா இருக்குது கண்ணு. நாம்பெத்த புள்ளதான். ஆனா அவ ஊட்டுக்குள்ள நடந்து வந்தா எந்திரிச்சு நிக்கலாமான்னு இருக்குது."

அருணை அவர் டேய் போட்டுத்தான் கூப்பிடுவார். மகளை மட்டும் வாங்க, சாப்பிடுங்க, தூங்குங்க. இந்த ஊரில் நாய்க்குட்டிக்குக்கூட ங்க போடுவார்கள் என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். பெற்ற தாய் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டு சோறு பரிமாறியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"தட்டை யாருங்க கொண்டுபோனாங்க?"

"உங்க மாமாதான். மடியில வெச்சுட்டு வந்தாரு."

"அப்ப மாமாதான் மாத்தியிருப்பாருங்க அத்தை. நீங்க கட்டுனது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அவியளுக்கு ஒரு வெத்தலைய ஒழுங்கா மடிக்கத் தெரியாது. பூசாரி பிரிக்கறப்ப நான் பாத்தேன். நான் போட்ட முடிச்சு அது. என்ற முடிச்சு எனக்குத் தெரியாதா?" எழுந்து கதவைத் திறந்தார். "இந்தத் தடவ நேராக் கட்டு கண்ணு. ஒண்ணு வெள்ள, ஒண்ணு செகப்பு. என்ன வருதோ வரட்டும்."

சொன்ன பேச்சைக் கேட்கிற மருமகள் என்று நான் எப்போதும் பேர் வாங்கியதில்லை. அவர் போனதும் இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். செவ்வரளியை அள்ளிப் பின்கட்டுக் குப்பைக்குழியில் போட்டு மேலே சாம்பலைத் தள்ளினேன். தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் உயிரைக் கொடுத்து ஓடி ஓடிச் சம்பாதித்ததை ஒரு பூ வந்து இல்லையென்று சொல்ல விடமாட்டேன், அவ்வளவுதான். நல்ல வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் கை தானாக விட்டுவிடும் என்று நம்பினேன். மாமா கட்டாத வெள்ளையை நான் கட்டுகிறேன் என்று மனதுக்குள் அவரிடம் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டுத் திரும்பி ஒருமுறை பார்த்தேன். சமையலறையில் யாரும் இல்லை.

காரை அருண் ஓட்டினார். அத்தை முன்னால், லோகுவும் நானும் பின்னால். தட்டைத் தன் மடியில் வைத்துக்கொள்வதாக லோகு கேட்டு வாங்கிக்கொண்டாள். கோயில் ஊருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி இருந்தது. நானும் அருணும் தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது பெரியப்பா முன்னாலேயே வந்து தூணோரம் நின்றிருந்தார். அத்தை உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். லோகு வெளியே மதிலோரத்தில் தட்டும் கையுமாகத் தனியாக நின்றிருந்தாள்.

பூசாரி சென்னிமலை கற்பூரம் காட்டினார். லோகுவின் பேரைச் சொல்லி, பந்தாட்டத்துக்குப் போகலாமா வேண்டாமா தாயே என்று உரக்கக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பங்காளி வீட்டுச் சின்னப் பெண் ஒன்றை வாயில் விரலோடு கூட்டிவந்தார்கள். அது இரண்டு பொட்டலத்தையும் தொட்டுப் பார்த்து, ஒன்றைத் தூக்கிப் பூசாரியிடம் கொடுத்தது. அவர் நாரை நகத்தால் அறுத்து இலையை விரித்தார்.

செவ்வரளி.

பெரியப்பா நீளமாக மூச்சு விட்டது கேட்டது. அத்தை இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார். அருண் என்னைப் பார்த்தார், நான் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையால் வைத்தது வெள்ளை. இரண்டிலும் வெள்ளை. குப்பைக்குழியில் சாம்பலுக்கு அடியில் போட்ட சிவப்பு எப்படி இங்கே வந்தது? வேலை பார்த்துப் பழகிய புத்தி தானாகக் கணக்குப் போட்டது. தட்டு லோகுவின் மடியில் வந்தது. மதிலோரத்தில் அவள் தனியாக நின்றாள். மதில் நெடுக அரளிச் செடி, அத்தனையும் சிவப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். உத்தரவு கேட்கிறேன் என்று எங்களையெல்லாம் கூட்டிவந்து, வேண்டாம் என்ற பதிலை அவளே வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பூவைக்கூடப் பார்க்காமல் அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கொஞ்சநேரம் நேருக்கு நேராக. பிறகு ஒரு கும்பிடுகூடப் போடாமல் வெளியே நடந்தாள்.

பூசாரி பிரிக்காத பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். "வாய்க்கால்ல உட்டுப்போட்டு வந்துருங்கம்மிணி." படியிறங்கிப் போனேன். பிரித்துப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். இதிலும் சிவப்பு இருந்தால் மனுஷக் கை, வெள்ளை இருந்தால் எந்தக் கை என்று யாரும் சொல்ல முடியாது. என் முடிச்சுத்தானா என்று நாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முடிச்சு மாதிரித்தான் இருந்தது. ஊரார் வேலையில் ஓட்டை தேடியே சம்பாதிக்கிறவள், பயந்துபோய் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். பச்சை இலை சுழன்றுகொண்டே பாலத்துக்கு அடியில் போனது.

அப்போதுதான் பின்பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும், டொக்.

கோயிலுக்குப் பின்னால் யாருடைய தோப்போ. லோகு செருப்பில்லாமல் நின்றிருந்தாள். சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த தென்னங்குரும்பை ஒன்றைக் குனிந்து எடுத்தாள், விரலிடுக்கில் பொருத்திப் பார்த்தாள், வரப்புவரை நடந்துபோய்த் திரும்பி ஓடி வந்தாள். கை காதை உரசிக்கொண்டு மேலே போனது. மணிக்கட்டு நிற்கவில்லை. முழுசாகத் திரும்பிக் கீழே இறங்கியது. குரும்பை எதிர்மரத்தில் முழங்கால் உயரத்தில் அடித்துத் தெறித்தது. அடுத்ததும் அதே இடத்தில் அடித்தது. மரத்தின் பட்டையில் ஈரமாக ஒரு கறை விழுந்திருந்தது.

அத்தையும் பின்னால் வந்துவிட்டிருந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மன் வேண்டாம்னு சொல்லிப்போட்டுதுங்களே சாமி" என்றார் மகளிடம், அழாத குறையாக.

"கேட்டுச்சும்மா. இது ஆரும் குடுத்ததில்லீங்க" என்றாள் லோகு. மூச்சு வாங்கியது அவளுக்கு. கன்னமெல்லாம் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்க வேண்டுமென்றே அவளுக்குத் தோன்றவில்லை. "நங்கை, அந்த மரத்துக்கு முன்னால சித்த வந்து நில்லுங்க. மட்ட வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

ஏன் போனேன் என்று தெரியவில்லை. மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். கிரிக்கெட் மட்டையை நான் வாழ்க்கையில் தொட்டதில்லை. அவள் பந்து வீசுவதை இத்தனை நாளும் பக்கவாட்டிலிருந்தோ, பின்னாலிருந்தோ, திரையிலோதான் பார்த்திருக்கிறேன். எதிரே நின்று பார்ப்பது வேறாக இருந்தது. வரப்பில் அவள் திரும்பி நின்றபோது அது என் நாத்தனார் லோகுதான். ஓடத் தொடங்கினாள். காய்ந்த தென்னை மட்டைகள் அவள் காலடியில் ஒடிந்தன. வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் விழ, கிட்டே வரவர எனக்குத் தெரிந்த யாருடைய முகமும் அதில் இல்லாமல் போனது. உத்தரவு கேட்கிற முகமாக அது இல்லை. விலகிவிடு என்று உடம்பு கத்தியது. அத்தை இத்தனை வருஷமும் எதைப் பார்த்து எழுந்து நிற்கலாமா என்று தவித்தாரோ, அது என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. கை மேலே போனது. என் காதோரம் காற்று கிழிந்தது, பின்னால் மரம் அதிர்ந்தது. வீசிய பிறகும் அவள் நிற்கவில்லை. என்னைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, கைகளை விரித்துக்கொண்டு தோப்புக்குள் ஓடிக்கொண்டே இருந்தாள்.